பெண்கள் பூத்தில் பூஜ்யம்

ஐந்து மணியோடு பிரசாரம் முடிகிறது, இப்போது மணி நாலு ஐந்து, பஜனைக் கோயில் மூன்றாம் தெரு ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டாம், மறுநாள் ஓட்டு. செருப்பு வார் குதிகாலை அறுக்கிறது. பதினோரு வருஷம் ஜவுளிக்கடையில் நின்ற கால்தான், ஆனால் அங்கே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் நின்றுகொண்டு புடவையை உதறி விரித்துப் போடுவேன். இங்கே அவர்களும் நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன், விரித்துப் போட என்னிடம் நான்தான் இருக்கிறேன். இரண்டடி பின்னால் அவர் வருகிறார், கக்கத்தில் நீல ஃபைல், சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கும் அளவு டேப். தணிகாசலம், என் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற குழாய் ஃபிட்டர், நகராட்சியில் முப்பத்திரண்டு வருஷம். வேட்பாளர் நான். சற்குணம் தணிகாசலம், சுயேச்சை, இஸ்திரிப்பெட்டி சின்னம். இந்த வார்டு இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, இல்லாவிட்டால் அவரே நின்றிருப்பார், போன தடவை நின்ற மாதிரி. முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், கையில் மாவு. நான் ஆரம்பித்துவிட்டேன். வாய் தானாக ஓடுகிறது. தண்ணீர், விளக்கு, சாக்கடை, ஒரு போன் போட்டா வாசல்ல நிப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், புடவைக் கொசுவத்தைப் பார்க்கிறாள், மறுபடி முகம். தலை மெல்ல ஆடுகிறது. இந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும், எடுக்கப்போகிற பெண்ணின் தலையாட்டல், இதற்கு மேல் விலையைக் கேட்க மாட்டாள், சாயம் போகுமா என்றுகூடக் கேட்க மாட்டாள். "நல்லா பேசுறீங்கக்கா. உங்கள மாதிரி ஆளுதான் வரணும்" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று அவளைக் கேட்டால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டாள். பின்னால் அவர் ஃபைலைத் திறக்கிற சத்தம். ஏதோ காட்டப் போகிறார். "வ... வ..." என்று ஆரம்பித்தார். "வரோம்மா, மறந்துடாத, இஸ்திரிப்பெட்டி" என்று நான் முடித்தேன். அவர் சொல்ல வந்தது அது இல்லை. ஃபைல் மூடுகிற சத்தம்.

இந்த ஃபைலைக் காலையில் நான்தான் திறந்தேன். நோட்டீஸ் எங்கே வைத்தார் என்று தேடித் திறந்தேன், அவர் குளித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மனுக்களின் நகல்கள், ஒவ்வொன்றிலும் தேதி, அவருடைய முத்து முத்தான கையெழுத்து. வாயில் வராததெல்லாம் அவருக்குக் கையில் வரும். நடுவில் ஒரு தாள், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதி வாங்கியது, போன தேர்தலில் எங்கள் வார்டில் பூத் வாரியாக விழுந்த ஓட்டு. எங்கள் வார்டுக்கு இரண்டே பூத், பள்ளிக்கூடத்தில் வலது அறை ஆண்களுக்கு, இடது அறை பெண்களுக்கு. தணிகாசலம், சுயேச்சை: ஆண்கள் 23, பெண்கள் 0. அந்த பூஜ்யத்தைச் சுற்றி அவர் எதுவும் எழுதவில்லை, கோடு போடவில்லை. மூலையில் தாள் வந்து சேர்ந்த தேதி மட்டும். நாலரை வருஷத்துக்கு முந்திய தேதி. நாலரை வருஷமாக இந்த மனுஷன் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி ஆற்றிக் கொடுத்தார், என் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், எல்லாம் இந்தத் தாளைத் தெரிந்துகொண்டு. மொத்தம் இருபத்து மூன்று என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னோடதும் சேர்த்து இருபத்து மூணுதானா, என்ன ஜனங்க" என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் அதை. யாரும் கேட்கவில்லையே. அவர் தலையை ஆட்டினார். அப்போது அவருக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த அன்று என்ன குழம்பு வைத்தேன், அன்று ராத்திரி அவர் என்னிடம் என்ன பேசினார், எவ்வளவு யோசித்தும் எதுவும் ஞாபகம் வரவில்லை. அப்படியென்றால் எதுவும் பேசவில்லை, எப்போதும் போல இருந்திருக்கிறார். குளியலறையில் தண்ணீர் நின்றது. தாளை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. காலையிலிருந்து இதோடுதான் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன்.

இரண்டாவது வீடு பூட்டு. மூன்றாவது வீட்டில் நோட்டீஸை ஜன்னலில் செருகினேன். போன தடவை ஓட்டுப் போட நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள், என்னை வைத்துக்கொண்டே. "தணிகாசலம் நல்ல மனுஷன்தான், ஆனா கவுன்சிலர்னா நாலு ஆபீசர்கிட்ட பேசணும் இல்ல?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என் தோளைத் தொட்டு, "தப்பா நினைக்காத சற்குணம்" என்றாள். நான் தப்பா நினைக்கவில்லை. அதுதான் விஷயம், நான் தப்பாகவே நினைக்கவில்லை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனேன். இயந்திரத்தில் அவர் பெயர் நாலாவது, கூடைச் சின்னம். முதல் பெயர் ராஜமன்னார், அந்தத் தடவை ஜெயித்தவர். அப்போது நகராட்சிக் கூடம் கண்ணில் வந்தது, மின்விசிறி, பச்சைத் துணி போட்ட மேஜை, இவர் எழுந்து நிற்கிறார், 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பிக்க வேண்டும், 'ம' என்ற எழுத்தில் உதடு ஒட்டிக்கொள்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, எல்லாரும் காத்திருக்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். அந்த அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் விரல் மேலே போனது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நல்ல மனைவி செய்கிற காரியம் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அந்த பூஜ்யத்தைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் நிற்க மாட்டேன் என்கிறது. அவரைக் காப்பாற்ற நினைத்தவள் எதற்குக் கையைப் பிடித்துப் பொய் சொன்னாள்? இல்லை. இவரால் முடியாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். முப்பது வருஷம் கூட இருந்தவள் நான். ஊரில் எந்தத் தெருவில் எத்தனை அங்குலக் குழாய், எந்த வால்வை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், எந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், எண்ணைச் சொல்லும்போது சில நாள் திக்காமலே வரும். அவ்வளவும் தெரிந்த நான், அவரைத் தெரியாத பெண்கள் என்ன நினைத்தார்களோ அதையே நினைத்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேசரியைச் சாப்பிட்டார், தரையைப் பார்த்தார், போனார். "ஆழமான ஆளு, அளந்து பேசுறவரு" என்று அப்பா சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பேசாத வாய்க்குள் என்னென்னவோ இருக்கும் என்று நானே வைத்து நிரப்பிக்கொண்டேன். திக்குவாய் என்று கல்யாணமான மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்று அழுதேன். ஆளை அன்றும் பார்க்கவில்லை, பிறகு இயந்திரத்தின் முன்னால் நின்றபோதும் பார்க்கவில்லை, இரண்டு தடவையும் வாயை மட்டும் பார்த்திருக்கிறேன். தெருமுனையில் வேன் வருகிறது. ராஜமன்னாரின் மனைவி மேலே நின்று கும்பிடுகிறாள், மாலையின் கனத்தில் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது, அவளுக்கும் கால் வலிக்கும். மைக் ராஜமன்னாரிடம். என்ன குரல். எங்களைப் பார்த்ததும் வேனை மெதுவாக்கச் சொல்லி, "அன்பு அண்ணன் தணிகாசலம் அவர்களுக்கும், அன்புச் சகோதரி சற்குணம் அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்" என்றார். எதிர்த்து நிற்கிறவளுக்கு மைக்கில் வணக்கம். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள், சந்தோஷமாக. என் கையும் தானாகக் குவிந்தது. யாருக்கும் ராஜமன்னாரைப் பிடிக்கும். எனக்கே இன்னும் பிடிக்கிறது.

இந்தத் தெருக் கடைசி வீட்டுக் கற்பகம் செத்த அன்றும் ராஜமன்னார்தான் முதலில் வந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி, விடிந்து வெளிச்சம் வந்த நேரம், தெருவில் முழங்கால் தண்ணீர். பால் வாங்கப் போனாள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை, தண்ணீருக்கு அடியில் எது தெரு எது குழி என்று யாருக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி வாய்க்கால் பாலத்தடியில் எடுத்தார்கள். வாயில் மண். தலைமுடியில் பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தது, நான்தான் அதைப் பிரித்து எடுத்தேன், பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. ராஜமன்னார் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார், வெள்ளை வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார், அவள் புருஷன் சம்பந்தத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், ஸ்டேஷனுக்குப் போன் போட்டார், ஆஸ்பத்திரியில் ஆள் பிடித்தார், மதியத்துக்குள் உடம்பை வாங்கிக் கொடுத்துவிட்டார். "எவ்வளவு திறமையா முடிச்சுக் கொடுத்தாரு பாரு" என்று சாவு வீட்டிலேயே சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் என்ன செய்தார் என்றால், குழிக்குப் பக்கத்தில் மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பை நீட்டி அதன் வாயை அளந்துகொண்டிருந்தார். இருபத்து நாலு அங்குலம் என்று கையில் எழுதிக்கொண்டார். "அந்த ஆளுக்கு மூள கீள பிசகிடுச்சா" என்று ஒருத்தர் கேட்டார், நான் வெட்கப்பட்டேன். அன்றுகூட நான் வெட்கம்தான் பட்டேன். அந்த மூடிக்கு மூன்று மனு கொடுத்திருந்தார். மூன்றின் நகலும் இந்த ஃபைலில் இருக்கிறது. இந்தத் தடவை வார்டு பெண்களுக்கு என்று தெரிந்ததும் வேட்புமனுப் படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "நீ நில்லு" என்றார். திக்கவில்லை. அப்போது பெருமையாக இருந்தது. இப்போது அதுவும் முள்ளாகிவிட்டது. தனக்குப் போடாதவளை எதற்கு நிற்க வைக்கிறார்? நானும் வேனில் நின்று கும்பிடுகிறவளைப் போலவே என்று காட்டவா? இல்லை, வாய்தான் ஜெயிக்கும் என்று அவரும் முடிவு செய்துவிட்டாரா, ஊரே சேர்ந்து சொன்னதை ஒரு நாள் ஒப்புக்கொண்டுவிட்டாரா? நான் ஜெயித்தால்? நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? எந்தக் குழாய் எங்கே போகிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. சாயம் போகாது என்று சொல்லத் தெரியும்.

நாலே முக்கால். தெருவின் கடைசி வீடு சம்பந்தத்தின் வீடு, முன்பக்கம் வெல்டிங் பட்டறை, பின்னால் குடித்தனம். கற்பகம் போன பிறகு அவனும் ஏழு வயது மகள் யாழினியும்தான். இந்த வீட்டைக் கடைசியாக வைத்தது நான்தான், அவரிடம் காரணம் சொல்லவில்லை. சம்பந்தம் ஒரு ஜன்னல் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினான், ஸ்டூலை இழுத்துப் போட்டான். "வாங்க அண்ணி. உக்காருங்கண்ணா." நான் உட்காரவில்லை. வாய் ஆரம்பிக்கும் முன்பே அவன் சொன்னான்: "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி. இந்த வாட்டி உங்களுக்குத்தான். போன வாட்டி அண்ணனுக்கு நான் போடல, அதைச் சொல்லிடுறேன். கற்பகமும் போடல. ரெண்டு பேரும் பேசி வச்சுதான் போனோம். நல்ல மனுஷன், ஆனா வாய் இல்லாதவரு போய் என்னத்த வாங்கிட்டு வருவாருன்னு அவதான் சொன்னா." அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. "நீங்க பேசுவீங்க. அதான் வேணும்" என்றான். பிறகு கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "ஒண்ணு கேக்குறேன் அண்ணி. அன்னைக்கு இருந்த மாதிரி குழி இந்த வார்டுல இன்னும் எத்தனை இருக்கு?" பின்னாலிருந்து "ப... ப..." என்று வந்தது. பதில் தெரிந்த ஒரே ஆள், பதிலின் வாசலில் நின்று முட்டிக்கொண்டிருக்கிறார். சம்பந்தத்தின் கண் அவர் மேல் போய், அங்கே நிற்க முடியாமல் என்னிடம் திரும்பியது. திக்குகிற வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது யாருக்கும் கஷ்டம். "பதினாலு" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த எண் என்று தெரியவில்லை. "பதினாலு குழி சம்பந்தம், எல்லாத்துக்கும் லிஸ்ட் வச்சிருக்கேன், முதல் கூட்டத்துலயே எழுப்புவேன்." அவன் தலை மெல்ல ஆடியது. முகத்தில் ஒரு நிம்மதி. செத்தவளைப் பற்றிக் கேட்டவனுக்கு நான் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டேன், அவன் வாங்கிக்கொண்டான்.

வெளியே வந்து நாலு வீடு தூரம் நடந்தோம். வேனின் சத்தம் எங்கோ தேய்ந்துகொண்டிருந்தது. "ப... பத்தொன்பது" என்றார். எனக்குக் கேட்டது, ஆனாலும் "என்ன?" என்றேன். "குழி. பதினாலு இல்ல. ப... பத்தொன்பது." நான் நின்றேன். சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் இந்த மனுஷனோடு இன்னும் முப்பது வருஷம் அந்தத் தாளும் எங்கள் நடுவில் படுத்துக்கொள்ளும். "காலையில அந்தத் தாளைப் பாத்தேங்க. பெண்கள் பூத்" என்றேன். அவர் ஃபைலை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். கோபம் வரும், அழுகை வரும், எது வந்தாலும் சரி என்று நின்றேன். எதுவும் வரவில்லை. "தெ... தெரியும்" என்றார், நான் பார்த்தது தெரியும் என்கிறாரா, தாளில் இருப்பது தெரியும் என்கிறாரா என்று புரியவில்லை. "எனக்குப் போடுவீங்களா?" என்று கேட்டேன். இப்படிக் கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. "இப்ப பாத்தீங்க இல்ல நான் சொன்னத. எனக்கு ஓட்டுப் போடுவீங்களா?" அவர் வாய் திறந்தது, உதடு ஒட்டியது. அந்த வார்த்தையை முடித்துவைக்க என் நாக்கு துடித்தது. விடவில்லை. ஒரு சைக்கிள் போனது. ஒரு பெண் வாசல் குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். "போ... போடுவேன்" என்றார் கடைசியில். "வே... வேற யாரு இருக்கா." குத்தலாகச் சொல்லவில்லை. யோசித்து, நிறுத்துப் பார்த்துச் சொன்னார், குழாய்க்கு எந்த அளவு வாஷர் சேரும் என்று சொல்வதைப் போல. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் போடுகிறார்கள், நான் அப்படிப் போடவில்லை, எனக்கு வேற ஆள் இருந்தது, நாலாவது பெயராக இருந்தது.

சம்பந்தத்தின் பட்டறைக்கே திரும்பி நடந்தேன். "ம... மணி" என்றார் பின்னால், ஐந்தாகப் போகிறது என்கிறார், விதியை மீறாத மனுஷன். கழுத்திலிருந்த சின்னம் போட்ட அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். சம்பந்தம் முகமூடியை மறுபடி மாட்டியிருந்தான். "சம்பந்தம், நான் சொன்னது தப்பு. பத்தொன்பது. பதினாலுன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். லிஸ்ட்டும் என்கிட்ட இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்." முகமூடி உயர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்த்த நிம்மதி அந்த முகத்திலிருந்து இறங்குவதை நின்று பார்த்தேன். கடையில் பார்த்திருக்கிறேன், பில் போடப் போகும்போது நூல் பிரிந்திருப்பதைக் கண்டுவிட்ட பெண்ணின் முகம். "அப்ப உங்களுக்கே தெரியாதா அண்ணி" என்றான். ஒரு ஓட்டு போயிற்று. அவன் சொல்லி இந்தத் தெருவில் பத்துப் போகும். "அவர் சொல்வாரு. கொஞ்சம் நேரம் ஆகும்" என்றேன். "எனக்கு வேலை கிடக்குதே" என்றான், ஆனாலும் முகமூடியை இறக்கவில்லை. யாழினி நோட்டுப் புத்தகத்தோடு வாசலுக்கு வந்து சிமெண்டுச் சரிவில் உட்கார்ந்தாள், அப்பாவின் டி.வி.எஸ் வண்டியை ஏற்றுவதற்காகப் போட்ட சரிவு. இவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலைத் திறக்கவில்லை. கையை நீட்டி அந்தச் சரிவைக் காட்டினார். "ஒ... ஒண்ணு. உங்க வ... வ..." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "வாசல்தான். அடியில சி... சிலாப். க... கம்பி துரு தின்னுடுச்சு. எ... எட்டடி ஆழம்." சம்பந்தம் மகளைப் பார்த்தான், மகள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். "யாழினி, எந்திரி. உள்ள வா" என்றான், குரல் எழும்பவே இல்லை. அவள் எழுந்து வந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டாள். அவன் அவள் தலையில் கையை வைத்தபடி, அவரைப் பார்த்துக் கேட்டான்: "இதெல்லாம் போன எலெக்‌ஷன் அப்பவே வந்து சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?" அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை சம்பந்தம் வேறெங்கும் பார்க்கவில்லை, காத்திருந்தான். "வ... வந்தேன்" என்றார். "நீ சா... சாப்பிட்டுட்டு இருந்த. க... கற்பகம் கதவாண்ட நின்னுது. டிரான்... டிரான்ஸ்பார்மர் கு... குழின்னு ஆரம்பிச்சேன். 'போடுறோம்ணா, போய்ட்டு வாங்க'ன்னு சொல்லி க... கதவ சாத்திடுச்சு."